நிறுத்தக் குறியனை நிறுத்தமாக்குவது எது?



பிளஸ் டூ உயிரியல் பாடநூலில் மரபுக் குறியீட்டு அட்டவணை ஒன்று வரும். 64 குறியன்கள். அவற்றில் 61-க்கு நேராக ஏதாவது ஒரு அமினோ அமிலத்தின் பெயர் இருக்கும். யூஏஏ, யூஏஜி, யூஜிஏ என்ற மூன்றுக்கு மட்டும் ‘நிறுத்தம்’ என்று போட்டிருக்கும். தேர்வுக்கு அவ்வளவுதான் வேண்டும். மாணவர்கள் அந்த மூன்றையும் மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். இன்றைக்கு நான் பேச வந்திருப்பது அந்த மூன்றைப் பற்றி மட்டும்தான்.

கிராமத்துச் சாலையோரம் ‘பேருந்து நிறுத்தம்’ என்று பலகை நட்டிருப்பார்கள். பலகையைப் பார்த்துப் பேருந்து நின்றுவிடுவதில்லை. நடத்துநர் விசில் கொடுத்தால் நிற்கும். அவர் கவனிக்காவிட்டால் நேரே அடுத்த ஊருக்குப் போய்விடும். யூஜிஏ என்பது பலகை மட்டுமே. செல்லுக்குள் விசில் கொடுக்கும் ஆட்கள் வேறு. அவர்கள் எத்தனை பேர், எவ்வளவு விரைவாக வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு எதிராக யார் போட்டியிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அந்த இடம் நிறுத்தமாவதும் ஆகாததும். ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவில் இதைத்தான் 60 ஆண்டுகளாக அறிவியலாளர்கள் படித்து வருகிறார்கள்.

அடிப்படையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். தூது ஆர்.என்.ஏ. இழையை ரைபோசோம் மும்மூன்று எழுத்தாகப் படித்துக்கொண்டே நகர்கிறது. ஒவ்வொரு குறியனுக்கும் பொருந்துகிற கடத்து ஆர்.என்.ஏ. தன் அமினோ அமிலத்தைச் சுமந்து வந்து உட்காருகிறது. புரதச் சங்கிலி ஒரு கண்ணி நீள்கிறது. நிறுத்தக் குறியன் வந்ததும், அதற்குப் பொருந்தும் கடத்து ஆர்.என்.ஏ. இயல்பான செல்லில் கிடையாது. ஆகவே சங்கிலி அங்கே முடிந்துவிடும் என்று பலர் விளக்குவார்கள். அந்த விளக்கம் போதாது. பொருந்தும் ஆள் வராவிட்டால் ரைபோசோம் அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்குமே ஒழிய, முடிந்த புரதம் அதைவிட்டுக் கழன்று வெளியே வராது. சங்கிலியின் கடைசிக் கண்ணி கடத்து ஆர்.என்.ஏ.வோடு வேதிப் பிணைப்பில் கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டை யாராவது அறுத்தாக வேண்டும்.

1965-இல் சிட்னி பிரெனரும் அவருடைய தோழர்களும் கேம்பிரிட்ஜில், டி4 என்ற பாக்டீரியா வைரஸின் மரபியலை வைத்து யூஏஏ, யூஏஜி இரண்டும் சங்கிலியை முடிக்கும் குறியன்கள் என்று நிறுவினார்கள். யூஜிஏ-யின் முறை 1967-இல் வந்தது. அப்போது இயல்பாக எழுந்த ஊகம் என்னவென்றால், அமினோ அமிலம் சுமக்காத ஒரு தனிவகைக் கடத்து ஆர்.என்.ஏ. வந்து இந்தக் குறியன்களைப் படிக்கிறது என்பது. ஆர்.என்.ஏ.வை ஆர்.என்.ஏ.தானே படிக்க வேண்டும்! அந்த ஊகம் தவறு என்று அதே 1967-இல் தெரிந்தது. ஹார்வர்டில் மாரியோ கபெக்கி சோதனைக் குழாயில் புரத உற்பத்தியை நடத்திப் பார்த்தார். சங்கிலியை விடுவிப்பது ஒரு புரதம் என்று கண்டார். இவரேதான் பின்னாளில் எலியின் மரபணுக்களைக் குறிவைத்து மாற்றும் முறைக்காக 2007-இல் நோபல் பரிசு பெற்றவர்.

அதற்கு அடுத்த ஆண்டு நடந்த ஒரு சோதனையைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். அமெரிக்காவின் பெதஸ்டாவில் மார்ஷல் நிரன்பர்க்கின் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் காஸ்கி, எட்வர்ட் ஸ்கோல்னிக் ஆகியோர் செய்தது அது. நீண்ட தூது ஆர்.என்.ஏ. எதையும் அவர்கள் பயன்படுத்தவில்லை. ரைபோசோமை எடுத்தார்கள். ஏயூஜி என்ற மூன்றெழுத்துத் துண்டை மட்டும் கொடுத்து, முதல் அமினோ அமிலமான ஃபார்மைல் மெத்தியோனினைச் சுமந்த கடத்து ஆர்.என்.ஏ.வை அதில் உட்கார வைத்தார்கள். பிறகு யூஏஏ என்ற இன்னொரு மூன்றெழுத்துத் துண்டையும் செல் சாற்றிலிருந்து பிரித்த புரதத்தையும் சேர்த்தார்கள். ஃபார்மைல் மெத்தியோனின் கழன்று வந்தால் ‘நிறுத்தம்’ நடந்தது என்று பொருள். புரதத் தொகுப்பின் மற்ற எல்லாப் படிகளையும் விலக்கிவிட்டு, முடிவு என்ற ஒரே படியை மட்டும் தனியே அளக்கிறார்கள் பாருங்கள். ஒரு கேள்வியை இத்தனை சுத்தமாகக் கேட்ட சோதனைகள் உயிர்வேதியியலில் மிகக் குறைவு.

விடையும் சுத்தமாகவே வந்தது. புரதச் சாற்றைப் பிரித்துப் பார்த்தபோது இரண்டு காரணிகள் கிடைத்தன. ஒன்று யூஏஏ, யூஏஜி இரண்டுக்கும் வேலை செய்தது. மற்றொன்று யூஏஏ, யூஜிஏ இரண்டுக்கும் வேலை செய்தது. முதலாவதை ஆர்.எஃப்.1 என்றும் இரண்டாவதை ஆர்.எஃப்.2 என்றும் அழைக்கிறோம். தமிழில் விடுவிப்புக் காரணிகள். யூஏஏ-க்கு இரண்டு பேரும் பொறுப்பு. மற்ற இரண்டுக்கும் ஆளுக்கு ஒருவர்தான். பின்னால் வரப்போகிற பல செய்திகள் இந்தப் பங்கீட்டில்தான் தொடங்குகின்றன.

ஒரு புரதம் எப்படி மூன்று ஆர்.என்.ஏ. எழுத்துகளைப் படிக்கிறது? 2000-ஆம் ஆண்டில் டோக்கியோவில் யோஷிகாஸு நாகமுராவின் குழு, ஆர்.எஃப்.1-இல் புரோலின்-அலனின்-திரியோனின் என்ற மூன்று அமினோ அமிலத் தொடரையும், ஆர்.எஃப்.2-இல் செரின்-புரோலின்-ஃபினைல்அலனின் என்ற தொடரையும் சுட்டிக்காட்டியது. இந்தத் தொடர்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தினால் காரணிகள் படிக்கிற குறியனும் மாறியது. ஆனால் இந்த மூன்று கண்ணிகள் மட்டுமே படிப்பு வேலை முழுவதையும் செய்வதாக நினைத்துவிட வேண்டாம். காரணியின் வேறு பகுதிகளும் ரைபோசோமின் சொந்த ஆர்.என்.ஏ.வும் அதில் பங்கெடுப்பதைப் பின்னர் வந்த படிக ஆய்வுகள் காட்டின.

அந்தப் படிக ஆய்வுகளில் முன்னணியில் நின்ற இரண்டு குழுக்களில் ஒன்று கலிபோர்னியாவில் ஹாரி நோலருடையது. மற்றொன்று கேம்பிரிட்ஜில் வெங்கி ராமகிருஷ்ணனுடையது. சிதம்பரத்தில் பிறந்து, மூன்று வயதில் வடோதராவுக்குப் போனவர் அவர். ரைபோசோமின் கட்டமைப்புக்காக 2009-இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்ததை நாமெல்லாம் கொண்டாடினோம். அதற்கு முந்தைய ஆண்டு, ஆர்.எஃப்.2 ரைபோசோமுக்குள் அமர்ந்து யூஜிஏ-யைப் படிக்கும் நிலையை அவருடைய குழு அணுக்கள் தெரியும் அளவில் வெளியிட்டதை நாம் அவ்வளவாகப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்தக் கட்டமைப்பு என்ன சொல்கிறது? காரணியின் ஒரு முனை குறியனைப் படிக்கிறது. அதன் மறுமுனையில் கிளைசின்-கிளைசின்-குளுட்டமின் என்ற தொடர் இருக்கிறது. கடத்து ஆர்.என்.ஏ.வுக்கும் புரதச் சங்கிலிக்கும் இடையிலுள்ள கட்டை நீர் மூலக்கூறு கொண்டு அறுக்க உதவுவது அந்தத் தொடர். ரைபோசோமுக்குள் இந்த இரண்டு முனைகளும் 70 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் விலகி நிற்கின்றன. ஆனால் 2001-இல் தனியாகப் படிகமாக்கிப் பார்த்த ஆர்.எஃப்.2-இல் அந்தத் தூரம் ஏறத்தாழ 23 ஆங்ஸ்ட்ராம்தான். ஆக, மடங்கி வந்த காரணி ரைபோசோமுக்குள் விரிந்து நீள்கிறது. குறியனைச் சரிபார்ப்பதும் விரிவதும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால்தான், அமினோ அமிலக் குறியனைப் பார்த்துத் தவறிப்போய்ச் சங்கிலியை அறுத்துவிடும் விபத்து மிக அரிதாக நடக்கிறது.

இதுவரை விசில் கொடுப்பவரைப் பார்த்தோம். இனிப் போட்டியைப் பார்ப்போம்.

நிறுத்தக் குறியன் ரைபோசோமுக்குள் வந்து நிற்கும் அந்தக் கணத்தில், விடுவிப்புக் காரணிக்காக இடம் ஒதுக்கி வைக்கப்பட்டிருப்பதில்லை. ஏறத்தாழப் பொருந்துகிற கடத்து ஆர்.என்.ஏ.க்களும் அதே இடத்தில் நுழைய முயல்கின்றன. யூஜிஏ-வுக்கு மிக நெருங்கிய அண்டை யூஜிஜி. அது டிரிப்டோஃபேனுக்கு உரியது. டிரிப்டோஃபேன் கடத்து ஆர்.என்.ஏ. அவ்வப்போது யூஜிஏ-யைத் தன் குறியன் என்று படித்துவிடும். படித்துவிட்டால் நிறுத்தம் நிறுத்தமில்லை. சங்கிலி மேலும் நீள்கிறது. க்யூ-பீட்டா என்ற சின்னஞ்சிறு வைரஸ் இதையே நம்பி வாழ்கிறது. அதன் உறைப் புரதம் யூஜிஏ-யில் முடிகிறது. நூறில் சில ரைபோசோம்கள் மட்டும் அதைத் தாண்டிப் போய் நீளமான ஒரு புரதத்தைச் செய்கின்றன. அந்த நீண்ட புரதம் இல்லாமல் வைரஸால் புதிய பாக்டீரியாவைத் தொற்ற முடியாது.

1971-இல் டேவிட் ஹிர்ஷ் கண்ட ஒன்று என்னை இன்றைக்கும் வியக்க வைக்கிறது. யூஜிஏ-யை அடிக்கடி தாண்டச் செய்யும் ஒரு திரிபு டிரிப்டோஃபேன் கடத்து ஆர்.என்.ஏ.வில் இருந்தது. ஆனால் அது குறியனைத் தொடும் இடத்தில் இல்லை. அங்கிருந்து வெகுதூரம் தள்ளி, மூலக்கூறின் வேறொரு கையில், ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. குறியனைப் படிப்பது எழுத்துக்கு எழுத்து பொருந்துவது மட்டுமல்ல, மூலக்கூறு முழுவதும் வளைந்து நெளிந்து ரைபோசோமில் எப்படி உட்காருகிறது என்பதும் அதில் அடக்கம் என்று அந்த ஒற்றை எழுத்து சொன்னது.

கடத்து ஆர்.என்.ஏ.வைத் தூக்கி வந்து ரைபோசோமில் வைப்பது இ.எஃப்.டியூ என்ற நீட்சிக் காரணி. ஈ. கோலையில் மிக மிகுதியாக இருக்கும் புரதங்களில் ஒன்று அது. அதில் சில திரிபுகள் ஏற்பட்டால் நிறுத்தக் குறியன்கள் கூடுதலாகத் தாண்டப்படுகின்றன என்று 1980-களில் சால்மொனெல்லா பாக்டீரியாவில் காட்டினார்கள். அதற்கும் முன்பே, 1964-இல், ஹார்வர்டில் லூயிஜி கொரினி இன்னொரு கதவைத் திறந்திருந்தார். அர்ஜினினைத் தானே தயாரிக்க முடியாத சில ஈ. கோலை திரிபுகளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்தால் அவை வளர்ந்தன! காசநோய்க்குக் கொடுத்த அதே மருந்துதான். அது ரைபோசோமைப் பிழையாகப் படிக்க வைக்கிறது. கெட்டுப்போன மரபணுச் செய்தியைப் பிழையாகப் படித்ததில் எப்போதாவது ஒரு நல்ல புரதம் பிறந்துவிடுகிறது. ரைபோசோமிலுள்ள எஸ்12 என்ற புரதத்தின் சில திரிபுகள் படிப்பை மிகக் கறாராக்குகின்றன. எஸ்4-இன் சில திரிபுகள் அதைத் தளர்த்துகின்றன. தளர்ந்த ரைபோசோமில் நிறுத்தக் குறியன்களும் அதிகம் தாண்டப்படுகின்றன.

ஆர்.எஃப்.3 என்ற மூன்றாவது காரணியும் உண்டு. இது எந்தக் குறியனையும் படிப்பதில்லை. வேலை முடிந்த ஆர்.எஃப்.1, ஆர்.எஃப்.2 இரண்டையும் ஜி.டி.பி. ஆற்றலைச் செலவிட்டு ரைபோசோமிலிருந்து கழற்றி விடுகிறது. 1994-இல் இதன் மரபணுவைக் கண்டுபிடித்த குழுக்களில் ஒன்று, யூஜிஏ-யைக் கூடுதலாகத் தாண்டும் ஈ. கோலை திரிபுகளைத் தேடிப்போய்த்தான் அதைப் பிடித்தது. ஆர்.எஃப்.3 இல்லாவிட்டாலும் பாக்டீரியா சாவதில்லை. ஆனால் மற்ற இரண்டும் பழைய இடத்திலேயே தங்கிவிடுவதால், புதிய இடத்துக்கு வந்து சேர நேரமாகிறது. அந்தத் தாமதத்தில் கடத்து ஆர்.என்.ஏ.க்கள் முந்துகின்றன. அதற்குப் பிறகு ரைபோசோமைப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் காரணி ஒன்றும் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உமேஷ் வார்ஷ்ணே அதில் நீண்டகாலம் உழைத்திருக்கிறார். அதை இன்று தொடப் போவதில்லை.

இப்போது இந்த உரையின் மையத்துக்கு வருகிறேன். ஆர்.எஃப்.2 என்ற புரதத்தையும் செல் தானே தயாரிக்க வேண்டும்? அதன் மரபணுவை 1985-இல் காஸ்கியின் குழுவும், நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்து வாரன் டேட்டும் சேர்ந்து எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். 25 குறியன்கள் ஒழுங்காக வந்தன. 26-ஆவது இடத்தில் யூஜிஏ நின்றது. புரதமோ 365 அமினோ அமில நீளம் கொண்டது! மரபணு தொடங்கிய உடனேயே நிறுத்தம், அதுவும் ஆர்.எஃப்.2 மட்டுமே படிக்கக்கூடிய நிறுத்தம்.

நடப்பது இதுதான். செல்லில் ஆர்.எஃப்.2 தாராளமாக இருந்தால், அது வந்து அந்த யூஜிஏ-யைப் படித்துவிடும், 25 கண்ணிகளோடு சங்கிலி அறுந்து வீணாகும், புதிய ஆர்.எஃப்.2 உருவாகாது. ஆர்.எஃப்.2 குறைந்துவிட்டால், ரைபோசோம் யூஜிஏ-யில் காத்து நிற்கும். நிற்கும்போது ஓர் எழுத்து முன்னே வழுக்கும். அதற்கு முன்னாலுள்ள சியூயூ என்ற குறியனில் உட்கார்ந்த கடத்து ஆர்.என்.ஏ. யூயூயூ-வுக்கு நகர்ந்துகொள்கிறது. இப்போது அடுத்த மூன்றெழுத்து யூஜிஏ அல்ல, ஜிஏசி. அது ஆஸ்பார்ட்டிக் அமிலத்துக்கு உரியது. படிப்பு புதிய சட்டகத்தில் தொடர்ந்து முழுப் புரதமும் வெளிவருகிறது. வழுக்குவதற்கு உதவியாக, சற்று முன்னால் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வோடு இணைசேர்ந்து அதை இழுத்துப் பிடிக்கும் ஒரு தொடரும் இருக்கிறது. யூஜிஏ-வுக்கு அடுத்த எழுத்து சி. நிறுத்தக் குறியனுக்குப் பின்னால் வரும் நான்காம் எழுத்தும் நிறுத்தத்தின் வலிமையைத் தீர்மானிக்கிறது என்று டேட்டின் குழு பிறகு காட்டியது. யூஜிஏ-வுக்குப் பின் சி வந்தால் நிறுத்தம் மிக வலுவிழந்து போகிறது. ஆர்.எஃப்.2 தன் மரபணுவில் தேர்ந்தெடுத்திருப்பது அந்த வலுவற்ற நிறுத்தத்தையே.

தன் அளவைத் தன் வேலையாலேயே அளந்துகொள்கிற புரதம் இது. வேறு உணர்வி எதுவும் தேவைப்படவில்லை. 2002-இல் பல பாக்டீரியா மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டபோது, ஏறத்தாழ 70 சதவீதத்தில் இதே அமைப்பு இருப்பது தெரிந்தது. இத்தனை கோடி ஆண்டுகள் இந்த ஏற்பாட்டைப் பாக்டீரியாக்கள் கைவிடவில்லை. பலகைக்கும் நிறுத்தத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பாக்டீரியா பலவீனமாகக் கருதவில்லை. அதை அளவுகோலாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. அட்டவணையில் அந்தக் கட்டத்தைப் பார்க்கும் ஒவ்வொரு மாணவருக்கும் இது சொல்லப்பட வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

செலினோசிஸ்டீன் இன்னொரு தனி ஏற்பாடு. ஈ. கோலையின் ஃபார்மேட் டிஹைட்ரஜனேஸ் நொதியில் நடுவே ஒரு யூஜிஏ வருகிறது. அங்கே செலினியம் கொண்ட இந்த அமினோ அமிலம் நுழைகிறது. மியூனிக்கில் ஆகஸ்ட் போக் குழு 1980-களில் இதை விளக்கியது. இ.எஃப்.டியூ-வின் இடத்தில் செல்பி என்ற தனிக் காரணி வருகிறது. தூது ஆர்.என்.ஏ.வில் யூஜிஏ-வுக்கு அடுத்தாற்போல் உள்ள ஒரு கொண்டை வளைவைப் பிடித்துக்கொண்டு, அந்த யூஜிஏ-வுக்கு மட்டும் அது கடத்து ஆர்.என்.ஏ.வைக் கொண்டுவந்து கொடுக்கிறது. மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாக்கள் இன்னும் ஒருபடி மேலே போய்விட்டன. அவற்றில் ஆர்.எஃப்.2 கிடையாது, யூஜிஏ அங்கே நிரந்தரமாக டிரிப்டோஃபேன்.

ஆய்வுக்கூடமே நம்மை நெடுநாள் திசைதிருப்பிய கதையும் ஒன்று உண்டு. உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் ஈ. கோலை கே-12 வகையில் ஆர்.எஃப்.1-இன் மரபணுவை நீக்கினால் பாக்டீரியா இறந்துவிடும். ஆகவே ஆர்.எஃப்.1 உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதது என்று பாடநூல்கள் எழுதின. ஆனால் கே-12-இன் ஆர்.எஃப்.2-இல் 246-ஆவது இடத்தில் திரியோனின் இருக்கிறது, ஈ. கோலை பி வகையிலும் மற்றப் பாக்டீரியாக்களிலும் அங்கே அலனின் அல்லது செரின். திரியோனின் கொண்ட காரணி யூஏஏ-யைப் படிப்பதில் மந்தமானது. ஈ. கோலையின் மரபணுக்களில் பெரும்பான்மை யூஏஏ-யில்தான் முடிகின்றன. ஆர்.எஃப்.1 போனால் அந்தச் சுமை முழுவதும் இந்த மந்தமான காரணியின் தலையில் விழுகிறது. அதைச் சரிசெய்து கொடுத்தபோது ஆர்.எஃப்.1 இல்லாமலும் பாக்டீரியா வாழ்ந்தது. 2011-இல் அது உறுதியானது. நாம் பழகிய வகை எல்லா வகைக்கும் பிரதிநிதி அல்ல என்பதை இந்த ஒற்றை அமினோ அமிலம் உணர்த்த 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இதற்கு மருத்துவப் பக்கமும் இருக்கிறது. தேனீ தன் உடலில் அப்பிடேசின் என்ற சிறு பெப்டைடைச் சுரந்து பாக்டீரியாக்களைக் கொல்கிறது. அது எப்படிக் கொல்கிறது என்பது 2017-இல் சிகாகோவில் அலெக்சாண்டர் மான்கின் குழுவின் ஆய்வில் தெளிவானது. காரணி சங்கிலியை அறுத்துப் புரதம் வெளியேறிய உடனே, அப்பிடேசின் அந்த வழியில் நுழைந்து காரணியை ரைபோசோமிலேயே சிறைப்படுத்துகிறது. ஒரு செல்லில் ரைபோசோம்களை ஒப்பிட விடுவிப்புக் காரணிகள் மிகக் குறைவு. சில ரைபோசோம்கள் எல்லாக் காரணிகளையும் பிடித்து வைத்துக்கொண்டால், மற்ற ரைபோசோம்கள் எல்லாம் நிறுத்தக் குறியன்களில் நின்று தவிக்கின்றன. அவற்றில் பல, நிறுத்தத்தைத் தாண்டி ஓடிப்போய்க் கோணல் புரதங்களைச் செய்கின்றன. புதிய நுண்ணுயிர்க்கொல்லிகள் அரிதாகிவரும் இந்தக் காலத்தில், விடுவிப்புக் காரணியே இலக்காக முடியும் என்பது பெரிய செய்தி. மருந்தாய்வில் இருக்கும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முடிக்கும் முன் ஒரு செய்தி. 2013-இல் ஜார்ஜ் சர்ச், ஃபேரன் ஐசக்ஸ் ஆகியோரின் குழுக்கள் ஈ. கோலையின் மரபணுத் தொகுதியில் அறியப்பட்ட 321 யூஏஜி குறியன்கள் எல்லாவற்றையும் யூஏஏ-யாக மாற்றி, ஆர்.எஃப்.1-ஐ நீக்கினார்கள். யூஏஜி-க்கு வேலையில்லாமல் போனது. இயற்கையில் இல்லாத ஓர் அமினோ அமிலத்துக்கு அதை ஒதுக்கினார்கள். 2025-இல் ஐசக்ஸும் ஜெஸ்ஸி ரைன்ஹார்ட்டும் அடுத்த படியை ஏறினார்கள். அதே பாக்டீரியாவில் 1,195 யூஜிஏ குறியன்களை யூஏஏ-யாக மாற்றினார்கள். அதோடு வேலை முடியவில்லை. ஆர்.எஃப்.2 யூஜிஏ-யைத் தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தது. டிரிப்டோஃபேன் கடத்து ஆர்.என்.ஏ.வும் யூஜிஏ-யில் கை வைத்தது. போட்டியின் இரண்டு பக்கத்தையும் அடக்க வேண்டியிருந்தது. காரணியையும் திருத்தினார்கள், கடத்து ஆர்.என்.ஏ.வையும் திருத்தினார்கள். அதன் பிறகே யூஏஏ என்ற ஒரே நிறுத்தக் குறியன் கொண்ட பாக்டீரியா கிடைத்தது. விடுபட்ட யூஏஜி-யும் யூஜிஏ-யும் இப்போது ஒரே புரதத்துக்குள் இருவேறு புதிய அமினோ அமிலங்களை 99 சதவீதத்துக்கு மேல் துல்லியமாகச் சேர்க்கின்றன.